முப்பது வருஷம் பரணில் கிடந்த ஆர்மோனியம்: பழுதுபார்த்து வாங்கிய அனுபவம்

வீட்டில் பழைய ஆர்மோனியப் பெட்டி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 4,600 ரூபாய் செலவழித்து என் தாத்தாவின் பெட்டியைச் சரிசெய்து வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு நாளாவது அது வீட்டை விட்டு வெளியே போய்வருகிறது. நானும் அதோடு போய்வருகிறேன். இரண்டைப் பற்றியும் எழுதினால்தான் இந்த விமர்சனம் சரியாக இருக்கும்.

பெட்டி தாத்தாவுடையது. சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் கிறிஸ்தவ சபையை நடத்தும் உபதேசியாராக இருந்தார். தேக்குச் சட்டம், விரலால் அழுத்தும் 42 கட்டை, காற்றுப் பாதையைத் திறந்து மூட ஒன்பது ஸ்டாப்பர், டபுள் ரீட். அதாவது ஒவ்வொரு கட்டைக்கும் சத்தம் தரும் நாக்கு, அதாவது ரீட், இரண்டு; மொத்தம் 84. எங்கள் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில்களில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டி இருக்கும். அதைக் 'கால் பெட்டி' என்போம். ஆர்மோனியம் முதலில் வந்ததே அந்த உருவத்தில்தான். 1842-ல் பாரிசில் டெபெய்ன் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். துருத்தியைப் பின்பக்கம் வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கையால் வாசிக்கும்படி மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், 1875-ல். தாத்தாவுடையது அந்த வகைக் கைப்பெட்டி. ஊர் ஊராகத் தூக்கிப் போவதற்கென்றே செய்தது.

ஒன்பது வயதில் எனக்கு அதில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆராதனையில் பாடும் பாமாலைப் புத்தகத்துப் பாட்டுகள் மேல்நாட்டு மெட்டு, நோட்டுப் பார்த்து வாசிக்க வேண்டும். கீர்த்தனைகள் நம் ராகம், நம் தாளம். தாத்தாவுக்கு நோட்டுப் படிக்கத் தெரியாது. வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் எழுதிய கீர்த்தனைகளைக் காதால் கேட்டே வைத்திருந்தார். எனக்கும் காதால்தான் வந்தது. பதினான்கு வயதில் ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை வாசித்துவிடுவேன். அது எனக்குக் கொடுக்கப்பட்டது, நான் சம்பாதித்தது இல்லை. இதை இப்போது கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. ரொம்ப நாள் முடியவில்லை.

பதினாறு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். பந்தல் நிறைய ஆட்கள். பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்கும்போது விரல் நின்றுவிட்டது. துருத்தி மட்டும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. ஜனங்கள் தாங்களாகவே பாடி முடித்தார்கள், யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. 1993-ல் கல்யாணமாகி பாளையங்கோட்டை வந்தபோது பாத்திரங்களோடு பெட்டியும் வந்தது, வந்ததும் பரணில் ஏறியது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஆளில்லாத மத்தியானங்களில் இறக்கி ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசித்ததுண்டு. அப்புறம் அதுவும் நின்றது. கோயிலில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பேன். அந்த இடம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

எங்கள் பெண்கள் சங்கத்தில் வியாழக்கிழமைதோறும் கோயிலுக்கு வரமுடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ஜெபம் செய்வார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், தனியாக இருக்கும் வயசாளிகள். ஒரு நாள் ஐயரம்மா, எங்கள் சபைப் போதகரின் மனைவி, என்னைக் கூப்பிட்டு, "சுருதி இல்லாம பாடுதோம். ஆரம்பிக்கிற இடம் ஒண்ணு, முடிக்கிற இடம் ஒண்ணா இருக்கு. உங்க வீட்ல பெட்டி இருக்காமே?" என்றார். "இருக்கு, ஆனா ரிப்பேர்" என்றேன். அது உண்மைதான். ஆனால் பெட்டி ரிப்பேராக இருந்தது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியிலேயே இரண்டு வருஷத்தை ஓட்டினேன்.

அசைத்தது ஒரு கணக்கு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு பைபிளில் மத்தேயு 25-ம் அதிகாரம், எஜமான் ஊழியக்காரரிடம் பணம் ஒப்படைத்துப் போகும் தாலந்து உவமை எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து தாலந்து வாங்கினவன், இரண்டு வாங்கினவன், ஒன்று வாங்கினவன். ஒன்று வாங்கினவன் மண்ணில் புதைத்தான். சின்ன வயசிலிருந்து நான் அவனைப் பாவமென்றே நினைத்திருந்தேன். கொஞ்சம் கிடைத்தவன், அதனால் ஒளித்து வைத்தான் என்று. பாடத்துக்காக வேத அகராதியைப் புரட்டினேன். ஒரு தாலந்து என்பது 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஓய்வு நாளைக் கழித்தால் வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாலந்து இருபது வருஷக் கூலி! அவன் கையில் கொடுத்தது கொஞ்சமே இல்லை. கணக்குக் கொடுக்கும்போது, பயந்து போய்ப் புதைத்தேன் என்றுதான் அவன் சொல்கிறான். பிள்ளைகளுக்கு அதைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டிக் காட்டும்போது என் கை நடுங்கியது. அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் ஏணி போடச் சொன்னேன்.

இனிப் பழுதுபார்த்த கதை. முதலில் கொடுத்த இடம் சரியில்லை. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, எங்கேயும் நடக்கக்கூடியதுதான். 1,500 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். ஒரு மாதம் இன்று நாளை என்றார்கள். திரும்பி வந்தபோது பெட்டி பளபளவென்று இருந்தது. மேலே புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். வாசித்தால் பதினொரு கட்டை சரியாகப் பேசவில்லை. துருத்தியை இழுத்து விட்டால் நான்கு எண்ணுவதற்குள் காற்று போய்விடுகிறது. உள்ளே திறந்தே பார்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆகவே, பெட்டியை வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். எல்லா ஸ்டாப்பரையும் சாத்தி, துருத்தியை நிரப்பி, கையை எடுத்துவிட்டு எண்ணுங்கள். நல்ல பெட்டி காற்றை விடாமல் பிடித்து வைத்திருக்கும். பிறகு ஸ்டாப்பரைத் திறந்து ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக அழுத்துங்கள், முக்கியமாகக் கடைசிக் கட்டைகளை. வேகமாக வாசித்துக் காட்டினால் ஊமைக் கட்டை தெரியாமல் போய்விடும்.

இரண்டாவதாகப் போன இடம் திருநெல்வேலி டவுனில். நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை. பஜனை மடத்துக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். பழுதுபார்க்கும் அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். அறையில் அன்றைக்கு நான்கு பெட்டி இருந்தது: ஒன்று பஜனை மடத்துடையது, ஒன்று நாடகக்காரர்களுடையது, ஒன்று தூத்துக்குடிப் பக்கத்து மாதா கோயிலுடையது, நான்காவது என்னுடையது. நெற்றியில் திருநீறு பூசியிருந்தவர், என் பெட்டியின் மூடிக்கு உட்புறம் தாத்தா பென்சிலால் எழுதி வைத்திருந்த பைபிள் சங்கீத வசனத்தைத் துடைக்காமல் மேலே தாள் ஒட்டி மறைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் ஒரு ரீட்டைச் சரிசெய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மேல் பலகையைக் கழற்றினால் வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு நீள் துளை, அதன்மேல் ஒரு முனை மட்டும் ஆணியடித்த மெல்லிய நாக்கு. காற்று போகும்போது அந்த நாக்கு அதிர்வதுதான் சத்தம். பேசாமலிருந்த ஒரு நாக்கின் கீழே சிகரெட் அட்டைத் தாளை விட்டு மெதுவாக இழுத்தார். அரிசி நொய்யளவு தூசி, பச்சைக் களிம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் அடைப்பு. வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார், ரீட் பேசியது. ஆனால் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. நுனியில் சின்ன அரத்தால் இரண்டே இழுப்பு. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணிப் பக்கம் சுரண்டினால் இறங்கும் என்றார். பக்கத்து ரீட்டோடு சேர்த்து வாசித்தபோது முதலில் "வவ்வவ்வவ்" என்று அலையடித்தது. இன்னொரு இழுப்பு. அலை நீண்டது. இன்னொன்று. அலை நின்று இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகிவிட்டது. அந்தக் கணத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இத்தன நாளும் இதுக்குள்ள பாட்டு இருந்துச்சு தாயி. காத்துதான் போவல."

மொத்தம் 19 நாள் ஆனது. கீழ் ஸ்தாயி ரீட் மூன்றில் ஆணி அருகே விரிசல். விரிசல் விட்ட ரீட்டை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். தீப்பெட்டிகளில் பழைய ரீட்களை வைத்திருந்தார், குஜராத் பாலிதானாவில் செய்தவை. மூன்றுக்கும் 450 ரூபாய். கட்டைகளுக்குக் கீழே காற்றை அடைக்கும் தோலைப் பூச்சி தின்றிருந்தது. புது ஆட்டுத் தோலுக்கு 900. துருத்தியின் மடிப்புத் துணி, அட்டை எல்லாம் 1,100. கூலியும் 84 ரீட்டையும் சுருதி சேர்த்ததும் 2,150. விலையை முன்னாலேயே தாளில் எழுதிக் கொடுத்தார், அதற்குமேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. இதே தரத்தில் புதுப் பெட்டிக்கு நான் விசாரித்த இடங்களில் 18,000-க்குக் குறையவில்லை.

குறைகளும் உண்டு. ஸ்டாப்பரில் இரண்டு இன்னும் சும்மாதான் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய உள்பலகையையே மாற்ற வேண்டும், தேவையில்லை என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். கனம் அதிகம். உறையோடு 13 கிலோ இருக்கும். ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியாது, ஆட்டோதான். ஐப்பசி மழையில் நான்கைந்து கட்டைகள் இறுகி மேலே வர மறுத்தன. மரம் ஈரத்தைக் குடித்து ஊதிவிடுகிறது. உறைக்குள் மூடி வைக்காமல் காற்றாட வைத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஆர்மோனியத்தின்மேல் ஒரு பழைய புகாரும் இருக்கிறது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு நிலையான சுரம்தான், சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு இடமில்லை என்பது. இந்தக் காரணத்தை முன்வைத்துத்தான் அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. கச்சேரிக்கு அந்தக் குறை உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டு ஹாலில் பத்துப் பெண்கள், அவர்களில் ஆறு பேருக்கு அறுபது வயதுக்கு மேல், சேர்ந்து பாடும்போது அசையாத சுரம்தான் வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல அது கூட்டத்தைக் கூட்டிப்போகிறது. கீபோர்டுக்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டும். இதற்கு என் இடது கை போதும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டால் படுத்திருப்பவரின் காதுக்கு நேரே சத்தம் போகிறது.

முதல் வியாழக்கிழமையை எழுதாமல் விடக்கூடாது. மகாராஜநகர்ப் பக்கம் ஒரு வீடு. எண்பது தாண்டிய ஒரு ஆச்சி, விழுந்து இடுப்பு முறிந்து ஏழு மாதமாகப் படுக்கை. போகும் வழியெல்லாம் ஆட்டோவில் என் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. மோசே நினைவுக்கு வந்தார். தனக்கு நாக்கு திக்கும் என்று சொன்னவரை அந்தத் திக்குவாயோடுதானே கடவுள் எகிப்துக்கு அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆட்டோ மட்டும் போய்ச் சேர்ந்தது.

உட்கார்ந்து பல்லவியை எடுத்தேன். தாத்தா சொல்லிக்கொடுத்த ஒரு கட்டைச் சுருதியில் எடுத்தேன் (சுருதியின் உயரத்தையும் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்), எனக்கு அது ஒன்றுதான் விரலில் இருந்தது. ஒரு கட்டையில் சங்கராபரணம் முழுக்க வெள்ளைக் கட்டைதான், சுலபம். ஆனால் அது தாத்தாவின் குரலுக்கு, ஆண் குரலுக்கு. அனுபல்லவியில் மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் பெட்டி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பந்தல் அப்படியே கண்முன் வந்தது. விரல் நிற்கப்போகிறது என்று தெரிந்தது.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம். ஆச்சி வளையலால் கட்டில் கம்பியில் தட்டினார். "ஏட்டி, ஒண்ணுல எடுத்தா எங்களுக்கு எப்படிட்டி ஏறும்? அஞ்சுல எடு." அவர் முப்பது வருஷம் ஒரு கிராமத்துச் சபையில் பாட்டு எடுத்துக்கொடுத்தவர் என்று பின்னால் சொன்னார்கள். ஐந்து கட்டையில் நான் வாசித்ததே இல்லை. விரல் இடமெல்லாம் மாறும். நிஷாதத்துக்கு, அதாவது 'நி' சுரத்துக்கு, ஒரு கறுப்புக் கட்டை வந்து குறுக்கே நிற்கும். "எனக்கு அஞ்சு பழக்கமில்ல ஆச்சி" என்றேன். "எங்க போவப் போறேன், மெதுவா வா" என்றார். அப்புறம் வளையலால் கம்பியில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார், எட்டு எண்ணிக்கையும் தெளிவாக. தடவித் தடவி வாசித்தேன். நிஷாதத்தில் இரண்டு தடவை தப்பு விழுந்தது. இரண்டு தடவையும் அவர் தாளத்தை நிறுத்தவில்லை, நான் வந்து சேரும்வரை தட்டிக்கொண்டிருந்தார். அனுபல்லவியின் உச்சியில் பத்துப் பேரும் இருந்தார்கள். ஆச்சியின் குரல் நூல் மாதிரி, ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை. சரணம் மூன்றையும் பாடி முடித்தோம். ஏழு மாதத்தில் அம்மா வாய்விட்டுப் பாடி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று அவர் மருமகள் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் ஐந்து கட்டையில் பழகுகிறேன், இப்போது ஜன்னல் திறந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகிறான். போன மாதம் கோயிலில் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள், காய் நறுக்கும் இடத்தில் இரவு முழுக்கப் பெண்கள் பாடினார்கள். பெட்டியை அங்கேயும் கொண்டுபோனேன். பூசணிக்காய்க் குவியலுக்கும் வெங்காயச் சாக்குக்கும் நடுவில் உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிவரை வாசித்தேன். பயமில்லாமல் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் பாட்டுக்கு உள்ளங்கை வேர்க்கத்தான் செய்கிறது. துண்டு ஒன்று உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், துடைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் சில விஷயம் சொல்கிறேன். கொடுக்குமுன் எந்தக் கட்டை பேசவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது அதை வைத்துச் சரிபாருங்கள். மேல்பூச்சு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரீட் மாற்றினால் பழைய ரீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக் கூட்டத்தில் பெண்களோடு பாடத்தான் பெட்டி என்றால் பழுதுபார்ப்பவரிடம் அதைச் சொல்லுங்கள். நாம் அதிகம் புழங்கும் கட்டைகளின் தோலை அவர் கெட்டியாகப் போட்டுத் தருவார். வாசிக்க மறந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். எனக்கு மூன்று வாரத்தில் விரலுக்குத் திரும்பியது.

பெட்டிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை குறைப்பது அந்த இரண்டு ஸ்டாப்பருக்காக. அண்ணாச்சியின் வேலைக்கு முழுசாக ஐந்து. போன திங்கட்கிழமை மேல் ஸ்தாயியில் ஒரு ரீட் மறுபடி அடைத்துக்கொண்டது. டவுனுக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரம் வைத்துவிட்டுப் போ தாயி, நிறைய வேலை கிடக்கு என்றார். வியாழக்கிழமை மூன்று வீட்டுக்குப் போகணும் அண்ணாச்சி, புதன் சாயங்காலத்துக்குள்ள வேணும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.